நான் வெட்டிய மூன்று நிமிடங்கள்

காலை ஐந்தரை மணி. ஆம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. பாய் விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வலது கையில் ஸ்டாப்வாட்ச். இடது புஜத்தில் துணிப்பட்டை ஒன்று சுற்றியிருக்கிறது. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் தோளைச் சுற்றி வந்து, இடுப்பில் தொங்கும் சின்ன மெஷினுக்குள் போகிறது.

திடீரென்று மெஷின் ர்ர்ரென்று முனகியது. பட்டை உப்பிக் கையை இறுக்கிப் பிடித்தது. நான் மூச்சை இழுத்து அடக்கியிருந்த நேரம் அது. விட்டுவிடலாமா, அப்படியே இருக்கலாமா என்று ஒரு குழப்பம். ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். இன்னும் ஆறு விநாடி பாக்கி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஆறு விநாடியையும் முடித்துவிட்டுத்தான் மூச்சை விட்டேன்.

மெஷின் உஸ்ஸென்று காற்றை இறக்கியது. பக்கத்தில் இருந்த நோட்டை எடுத்து, "5.30. யோகா. நிம்மதி" என்று எழுதினேன்.

நிம்மதி என்று என் கையாலேயே எழுதியதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

அது ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின். ஒரு நாள் முழுக்க உடம்போடு கட்டிக்கொண்டு திரிய வேண்டும். பகலில் அரை மணிக்கு ஒரு தரம் தானாகவே பிரஷர் பார்த்துப் பதிவு செய்துகொள்ளும். வேலூரில் அதைக் கட்டிவிட்ட டாக்டரம்மா, "ஒவ்வொரு தடவை இறுக்கும்போதும் என்ன செஞ்சிட்டிருந்தீங்க, மனசு எப்படி இருந்ததுன்னு நேரம் போட்டு எழுதிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார்.

நேரம் போட்டு எழுதுவதில் எனக்கு என்ன கஷ்டம்? பதினெட்டு வருஷமாக அடுத்தவர்களுக்கு நான் செய்துவந்தது அதுதான்.

முதுகுக்குப் பின்னால் நிற்பவன்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் புரட்டுகிறவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் ஜெயசீலன். ஒரு ஷூ கம்பெனியில் டைம் ஸ்டடி பார்ப்பவன். ஒரு பெண் வெட்டிய தோலை எடுத்து, மெஷினில் வைத்து, வளைத்துத் தைத்து, நூலை அறுத்து, அடுத்தவளிடம் தள்ளுவதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பின்னால் நின்று ஸ்டாப்வாட்சில் அளப்பேன். அதில் எது வேலை, எது வேலையற்ற நேரம் என்று பிரிப்பேன். வேலையற்றதை வெட்டுவேன். மிச்சத்தை வைத்து மணிக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட் எழுதுவேன்.

இப்படிப்பட்டவனை யாருக்காவது பிடிக்குமா? நான் தையல் லைனுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். எல்லாக் கைகளும் கொஞ்சம் மெதுவாகும். வேகமாகத் தைத்துக் காட்டினால் டார்கெட் ஏறிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் வேண்டுமென்றே மெதுவாக்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இந்தக் கண்ணாமூச்சியில்தான் என் பிழைப்பு ஓடியது.

வீட்டுக்கு வந்தாலும் வாட்ச் கழுத்தைவிட்டு இறங்காது. தோசை ஒரு பக்கம் வேக எவ்வளவு நேரம், பக்கெட் நிரம்ப எவ்வளவு நேரம், எல்லாம் எனக்கு அத்துப்படி. தூக்கத்தில் நம்பர் சொல்கிறேன் என்று என் மனைவி கலா சொல்வாள். கடைவாய்ப் பற்கள் தேய்ந்திருப்பதைப் பார்த்த பல் டாக்டர், "ராத்திரியில இன்னா சார் கடிச்சிட்டுத் தூங்கறீங்க, கருங்கல்லா?" என்று கேட்டார். சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துவேன். கத்திய பிறகு தலை வலிக்கும். தலை வலிப்பதால் மறுபடியும் கத்துவேன்.

மன அழுத்தம் என்றெல்லாம் அதற்குப் பேர் வைக்க எனக்குத் தோன்றவில்லை. அது சென்னையில் ஏ.சி. அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களுக்கு வருவது, எனக்கிருப்பது சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரூபி அக்கா

ரூபி என் கூடப் பிறந்த அக்கா. என்னைவிட ஏழு வயது மூத்தவள். குடியாத்தத்தில் பள்ளிக்கூட டீச்சர். அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் வேலூருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருந்ததால் அவரால் சிறுநீரகம் கொடுக்க முடியாது. பிள்ளைகள் இல்லை. என் ரத்த வகை அவளுக்குச் சேர்ந்தது.

"நான் தர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கலாவிடம் கேட்டேன். அது தப்பு. அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அழுதாள். மூன்றாம் நாள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, "போய் டெஸ்ட் எல்லாம் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

டெஸ்டுக்குப் போன இடத்தில் ஒன்றைக் கவனித்தேன். அன்றைக்கு அந்த வராந்தாவில் கொடுப்பதற்காக உட்கார்ந்திருந்தவர்களில் என்னைத் தவிர எல்லாரும் பெண்கள். அம்மாக்கள், மனைவிகள், ஒரு தங்கை. வாங்கிக்கொள்ள வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். நர்ஸ் என்னைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் குடுக்கப் போறவங்க எங்கங்க?" என்று கேட்டார். நான்தான் கொடுக்கப்போகிறேன் என்றதும் ஃபைலை இன்னொரு தரம் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

எல்லா டெஸ்டும் சரியாக வந்தது. பிரஷர் மட்டும் ஜாஸ்தி.

"ஒரு கிட்னியோட வாழப்போறவருக்குப் பிரஷர் இருந்தா, மிச்சம் இருக்கறதும் கெட்டுப்போகலாம்" என்றார் டாக்டரம்மா. "ஒருத்தரைக் காப்பாத்தறதுக்கு இன்னொருத்தரை நோயாளி ஆக்க மாட்டேன். உப்பைக் குறைங்க, எடையைக் குறைங்க, யோகா செய்ங்க, நல்லாத் தூங்குங்க. மூணு மாசம் கழிச்சு இருபத்துநாலு மணி நேர மெஷின் கட்டிப் பார்ப்போம். மாத்திரை இல்லாமக் குறைஞ்சா மேற்கொண்டு பேசலாம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா சிரித்துவிட்டாள். "இவனா, டாக்டர்? சர்ச்சுல ஜெபத்துக்கு முழங்கால் போட்டா ரெண்டு நிமிஷத்துல ஒரு கண்ணைத் தொறந்து கடிகாரத்தைப் பாக்கறவன். யோகா பண்ணப்போறானாம்!"

எனக்குச் சுருக்கென்றது. காட்டுகிறேன் பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆம்பூர்க்காரனும் உப்பும்

ஆம்பூரில் குடியிருந்துகொண்டு பிரியாணியை விடுவது எப்படியிருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. பதினோரு மணிக்கே பஜாரில் தம் உடைக்கிற வாசனை கிளம்பிவிடும். பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் அது வந்து மூக்கைப் பிடித்து இழுக்கும். கூடவே அந்தப் புளிப்பான கத்திரிக்காய். கல்யாணப் பத்திரிகை வந்தால் பெண், மாப்பிள்ளை பெயரைப் படிப்பதற்கு முன்னால் மண்டபம் எது, சமையல் யார் என்று கேட்கிற ஊர் இது.

விட்டேன். பிரியாணி, கருவாடு, ஊறுகாய், அப்பளம், எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டேன். எட்டு டீ குடித்தவன் இரண்டுக்கு வந்தேன். காலை நாலே முக்காலுக்கு எழுந்து பாலாற்றுப் பக்கம் நடை. ஆற்றில் மணல்தான் இருக்கும், அதன் மேல் விடிகாலையில் தோல் பதனிடும் நெடி ஈரமாகப் படிந்திருக்கும். ஐந்து இருபதுக்கு வீடு, பிறகு மாடியில் நாற்பது நிமிஷம் யோகா. இரவு ஒன்பதரைக்குப் படுக்கை.

இதற்கெல்லாம் ஒரு அட்டவணை போட்டு அலமாரிக் கதவில் ஒட்டினேன். முதல் வாரம் மூச்சை எட்டு விநாடி அடக்கினேன். அடுத்த வாரம் ஒன்பது. அப்புறம் பத்து. நடை ஒவ்வொரு வாரமும் அரை நிமிஷம் குறைய வேண்டும். குறையாத நாளில் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஒரு நாள் நாய் ஒன்று குறுக்கே வந்து இருபது விநாடி வீணாய்ப் போயிற்று என்று வீட்டுக்கு வந்து கலாவிடம் கத்தினேன்.

"நாய் மேல இருக்கற கோவத்தை நாய்கிட்டயே காட்டிட்டு வர்றதுதானே" என்றாள் அவள்.

பத்து நிமிடம் ஏழானது

யோகா எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அது ஒரு வருஷம் முந்திய கதை.

எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, தையல் லைனில் பெண்கள் எல்லாரும் கழுத்து வலி, தோள் வலி என்கிறார்களே, ஏதாவது செய்யக்கூடாதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வேலை தொடங்குவதற்கு முன்னால் பத்து நிமிடம் யோகா என்று மேனேஜர் முடிவெடுத்தார். சொல்லித் தர வெளியிலிருந்து யாரும் வரவில்லை. அதே லைனில் தைக்கிற பர்வீன் பள்ளிக்கூடத்தில் யோகாப் போட்டிகளுக்குப் போய் மெடல் வாங்கியவள் என்று தெரியவந்தது. பேரணாம்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். முப்பது வயசுகூட இருக்காது. கை வேலை சுத்தம், வாய் அதைவிடக் கூர்மை.

பர்வீன் அழகாகத்தான் அமைத்திருந்தாள். கழுத்து, தோள், மணிக்கட்டு, அப்புறம் நிதானமாக மூச்சு. கடைசி மூன்று நிமிடம் சவாசனம். படுக்க இடமில்லை என்பதால் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தையல் மெஷின் மேஜையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வது. இருநூறு பெண்கள் ஒரே நேரத்தில் அப்படித் தலை சாய்த்திருக்கும்போது, அந்த ஹாலில் மின்விசிறிச் சத்தம் கேட்கும். அப்படி ஒரு சத்தம் அங்கே இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "பத்து நிமிஷம் ஜாஸ்தியா இருக்குது ஜெயசீலன். கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். வாட்சைப் பிடித்து ஒவ்வொரு அசைவாக அளந்து ஒரு தாள் தயார் செய்தேன். அதில் கடைசி வரி எனக்கு இன்றும் மனப்பாடம்: "கண் மூடித் தலை சாய்த்தல், மூன்று நிமிடம். அசைவு எதுவும் இல்லை. வேலையற்ற நேரம். நீக்கலாம்."

நீக்கிவிட்டார்கள்.

பர்வீன் என்னைத் தேடி வந்தாள். "சார், மொதல் ஏழு நிமிஷம் பண்றதே அந்தக் கடைசி மூணு நிமிஷத்துக்காகத்தான்."

"ஓய்வு வேணும்னா டீ பிரேக் இருக்குதில்ல?" என்றேன்.

அவள் திரும்பிப் போய்த் தன் மெஷினில் உட்கார்ந்தாள்.

ஆனால் அக்கா விஷயம் வந்ததும் நான் போய் நின்றது அவளிடம்தான். அவளும் மனசில் எதையும் வைத்துக்கொள்ளாமல் எனக்கு என்னென்ன செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து அந்தப் பட்டியலைப் பார்த்தேன். கடைசியில் சவாசனம் பத்து நிமிடம் என்றிருந்தது. பேனாவை எடுத்து அடித்தேன். அந்தப் பத்து நிமிடத்தையும் மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்தேன். பலன் சீக்கிரம் கிடைக்குமே!

மலையும் பள்ளமும்

இப்போது மொட்டை மாடிக்குத் திரும்பலாம். மூன்று மாதம் முடிந்து மெஷின் கட்டிய நாள் அது. முந்தின நாள் நண்பகலில் வேலூரில் கட்டினார்கள். அன்று அக்காவுக்கு டயாலிசிஸ் இருந்ததால் சாயங்காலம் வரை அவளோடு வார்டில் இருந்தேன். பிறகு ரயிலில் ஊருக்கு வந்தேன். மறுநாள் காலை நடை, யோகா, பாதி ஷிப்ட் கம்பெனி வேலை. அதன் பிறகு மெஷினைக் கழற்ற வேலூர் போனேன்.

கம்ப்யூட்டரிலிருந்து ஒரு நீளமான கோட்டுப் படம் வந்தது. டாக்டரம்மா அதை ரொம்ப நேரம் பார்த்தார். "இன்னும் ஜாஸ்தியாத்தான் இருக்குது. இன்னும் ரெண்டு மாசம் பார்ப்போம். அப்பவும் குறையலன்னா உங்ககிட்ட எடுக்கற யோசனையை விட்டுடணும். அக்காவுக்கு வேற வழி தேடிக்கலாம்."

வேறு வழி என்றால் இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்குப் பெயர் எழுதிவைத்துக் காத்திருப்பது. எத்தனை வருஷம் என்று யாராலும் சொல்ல முடியாது. அக்காவின் முகம் ஏற்கெனவே சாம்பல் பூத்துப்போயிருந்தது. கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு மாதிரி புடைத்துக்கொண்டிருந்தது.

அந்தப் படத்தின் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் கேன்டீனில் உட்கார்ந்திருந்தேன். சோறு இறங்கவில்லை. பர்வீன் டிபன் பாக்ஸோடு எதிரே வந்து நின்றாள்.

"இன்னா சார், மூஞ்சி செத்துப் போயிருக்குது? அக்காவுக்கு ஏதாச்சுமா?"

"அக்காவுக்கு இல்ல பர்வீன். மெஷின்ல ஏதோ கோளாறு. காலைல யோகா பண்றப்போ போய் உச்சியில காட்டுது. எங்கனா நடக்குமா?"

"குடுங்க பாக்கலாம்" என்று தாளையும் நோட்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். விரலை வைத்துக் கோட்டின் மேலேயே போனாள். தையலில் எங்கே பிசகியிருக்கிறது என்று தேடுவாளே, அதே பார்வை.

"அஞ்சரை மணிக்கு மலை மாதிரி ஏறிடுச்சே. அப்போ இன்னா பண்ணீங்க?"

"நாடி சுத்தி. இருபது விநாடி அடக்கினேன். போன வாரம் பத்தொன்பதுதான்."

"யா அல்லா! பிரஷர் இருக்கறவங்க மூச்சை அடக்கவே கூடாது, சும்மா இழுத்து விட்டாப் போதும்னு எழுதிக் குடுத்தேனே சார்?"

எழுதியிருந்தாள். படித்தது நினைவிருந்தது. அது சாதாரண ஆட்களுக்கு, நம்மால் முடியும் என்று நினைத்துத் தாண்டியிருந்தேன்.

"கடைசியா சவாசனம் எவ்ளோ நேரம் பண்ணீங்க?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெட்டிட்டீங்களா?"

"ம்."

"கம்பெனியில மேனேஜர் கேட்டாரு, வெட்டுனீங்க. சரி. வீட்டுல எந்த மேனேஜர் சார் கேட்டாரு?"

பக்கத்து மேஜையில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேறொன்றில் என் கண் போய் நின்றுவிட்டது. பர்வீனின் விரல் அதற்குள் கோட்டின் வேறொரு இடத்துக்குப் போயிருந்தது.

"இங்க பாருங்க. முழிச்சிட்டிருந்த நேரத்துல இதான் எல்லாத்தைவிடக் கம்மி. மத்தியானம் ரெண்டு மணியிலேர்ந்து தரையோட கெடக்குது. அப்போ எங்க இருந்தீங்க?"

நோட்டைப் பார்த்தோம். "2.00. டயாலிசிஸ் வார்டு. டென்ஷன்" என்று என் கையெழுத்து சொல்லியது. இரண்டரைக்கும் டென்ஷன். மூன்று மணிக்கும் டென்ஷன்.

"அங்க இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலியே. அக்கா பெட்டு பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்காந்திருந்தேன். வாட்சைப் பார்த்தா அவங்களுக்குப் பேஜாராகுதுன்னு கழட்டிப் பையில போட வெச்சிட்டாங்க. ஸ்கூல் கதை சொல்லிட்டு, நடுநடுவுல என்னைத் திட்டிட்டு இருந்தாங்க. நான் அவங்க போர்வை நுனியைப் புடிச்சிட்டுக் கேட்டுட்டிருந்தேன். அவ்வளவுதான்."

"அதான் சார்" என்று சொல்லிவிட்டுப் பர்வீன் டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

அன்று சாயங்காலம் வரை நான் யாரையும் அளக்கவில்லை. அடுத்தவர்களின் கை பொய் சொல்கிறதா, நிஜம் சொல்கிறதா என்று கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். என் உடம்பைப் பற்றி நானே எழுதியதில் முக்கியமான இரண்டும் பொய். மலையில் நிம்மதி என்று எழுதியிருக்கிறேன், பள்ளத்தில் டென்ஷன் என்று எழுதியிருக்கிறேன். எப்படி இது எனக்குத் தெரியாமல் போனது? யோசிக்க யோசிக்க இந்தப் புதிர் எனக்குப் பிடித்துவிட்டது. பயம் ஒரு பக்கம் இருந்தாலும், அதைவிட ஆர்வம் ஜாஸ்தியாக இருந்தது.

சும்மா கிடப்பது

வீட்டுக்குப் போனதும் ஸ்டாப்வாட்சைக் கலாவிடம் கொடுத்தேன். "நான் கேட்டாலும் தராதே" என்றேன். அவள் அதை நேரே அரிசி டின்னுக்குள் புதைத்தாள். அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த அட்டவணையை அவளே கிழித்தாள். இத்தனை சந்தோஷமாக அவள் எதையும் கிழித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் மாடியில் தோள், முதுகு, இடுப்பு என்று மெதுவாகச் செய்தேன். மூச்சை இழுத்தேன், விட்டேன். பிறகு பாயில் மல்லாந்து படுத்தேன்.

ஒரு நிமிடம் ஆகியிருக்காது, எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மறுபடி படுத்தேன். மறுபடி எழுந்தேன். நாலு நாள் இதே கூத்து. கைகால் சும்மா கிடந்தால் நெஞ்சுக்குள் ஏதோ மேலேறி வந்தது. ஐந்தாம் நாள்தான் அது என்னவென்று பார்த்தேன். அக்கா செத்துப்போய்விடுவாள் என்கிற பயம். டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து அது உள்ளே இருந்திருக்கிறது. நான் நடந்தும் அளந்தும் கத்தியும் அதற்குப் பிடிகொடுக்காமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன். படுத்தால் பிடித்துவிடும் என்று தெரிந்துதான் பேனாவை எடுத்துச் சவாசனத்தை அடித்தேனோ என்னவோ.

பர்வீனிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "வந்தா வரட்டும் சார். எழுந்து ஓடாதீங்க. ஆஸ்பத்திரியில அக்கா பக்கத்துல எப்படி உட்காந்திருந்தீங்களோ, அதே மாதிரி கெடங்க."

கிடந்தேன். கீழே தண்ணீர் மோட்டார் ஓடும், பாங்கு சொல்லி முடியும், கம்பெனி பஸ் முதல் ஹாரன் அடிக்கும். சில நாள் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழியும். வழியட்டும் என்று விட்டேன். எத்தனை நிமிடம் கிடந்தேன் என்று எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நான் செய்த முதல் காரியம் அதுதான்.

மற்றப் பழக்கங்களும் தாமாக இளகின. நடை வேகம் குறைந்தது. வழியில் நின்று பேசினேன். உப்பு குறைந்த குழம்பு நாக்குக்குப் பழகிவிட்டது. தூக்கத்தில் நம்பர் சொல்வது நின்றுவிட்டதாகக் கலா ஒரு நாள் சொன்னாள்.

இன்னொரு காரியமும் செய்தேன். மேனேஜரிடம் போய், லைனில் அந்த மூன்று நிமிடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன்.

"வெட்டினதே நீங்கதான்யா!" என்றார்.

"தப்பா வெட்டிட்டேன் சார்."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலைக்கும் அளந்த நேரத்தோடு, களைப்புக்கென்று கொஞ்சம் சேர்த்துத்தான் டார்கெட் போட வேண்டும். இல்லாவிட்டால் கணக்கே தப்பு. அந்தக் களைப்புக் கணக்கில் மூன்று நிமிடத்தை எழுதிப் புதுத் தாளை நீட்டினேன். அவர் என்னையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் இருநூறு தலைகளும் மறுபடி மேஜைமேல் சாய்ந்தன. என் ஸ்டூலில் உட்கார்ந்து நானும் சாய்ந்தேன். "கண்ணைத் தொறக்காதீங்க சார், பாத்துட்டேன்" என்று பர்வீன் குரல் கொடுத்தாள். ஹாலே சிரித்தது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி மெஷின் கட்டினார்கள். இந்தத் தடவை அது இறுக்கியபோதெல்லாம் நோட்டில் என்ன செய்தேன் என்பதை மட்டும் எழுதினேன். மனசு எப்படி இருந்தது என்ற இடத்தைக் காலியாக விட்டேன். அதை மெஷினே சொல்லட்டும்.

டாக்டரம்மா படத்தைப் பார்த்தார். முந்தின படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது போதும்" என்றார். "ஆனா ஆபரேஷனுக்கு அப்புறமும் ஆயுசு முழுக்க இதே மாதிரி இருக்கணும். விட முடியாது."

"விட மாட்டேன் மேடம்" என்றேன்.

நாலாம் நாள்

ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள் என்னை அக்காவைப் பார்க்க விட்டார்கள். அவளைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, தையல் போட்ட விலாவை ஒரு கையால் பிடித்தபடி, நான் ஓரடி ஓரடியாக நடந்து போனேன். அவள் முகத்தில் அந்தச் சாம்பல் நிறம் இல்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் ஒரு ஜாடித் தண்ணீரும் ஒரு எவர்சில்வர் டம்ளரும் இருந்தன. அவற்றை அவள் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் அளவுதான். உள்ளே போனது வெளியே வராது என்பதால், ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில். குடியாத்தம் வெயிலில், வேலூர் வெயிலில், மூன்று வருஷம் அவள் அப்படித்தான் இருந்தாள். கிளாஸில் பாடம் நடத்திவிட்டு வந்து உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் நாங்கள் அவள் எதிரில் தண்ணீர் குடிக்க மாட்டோம்.

"நெறையக் குடிக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்கடா ஜெயா" என்றாள். குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரி இருந்தது. "நெஜமாத்தான் சொன்னாங்களா? எனக்குப் பயமா இருக்குது."

"நெஜமாத்தான்க்கா. குடி."

டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தேன். குனிந்தபோது தையல் சுரீரென்றது. அவள் ஒரு மிடறு குடித்தாள். நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு தலையை அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, முழு டம்ளரையும் ஒரே மூச்சில் குடித்தாள். தண்ணீர் மோவாயில் வழிந்து கழுத்துக்குப் போயிற்று. துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னொண்ணு ஊத்துடா."

ஊற்றினேன். அதையும் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். நாலாவது டம்ளருக்கு வரும்போது இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தோம். ஆனால் அவள் குடிப்பதை நிறுத்தவில்லை.